பெட்டியும் லாச்சியும்

யூடியூபில் ஃபோர் வீல் ஜீப் என்று தேடினால் கொஞ்ச நேரத்தில் ஒரு அவுஸ்திரேலியக்காரர் வந்துவிடுவார். ஜீப்பின் பின்கதவைத் திறப்பார். உள்ளே பிளைவுட்டில் அவரே அடித்த இரண்டு பெரிய லாச்சி. ஒன்றை இழுத்தால் அடுப்பும் சட்டி பானையும். மற்றதை இழுத்தால் ஸ்பேனர், கயிறு, ஜாக். மேலே ஒரு மெத்தை. "இதுதான் என் வீடு" என்பார் சிரித்துக்கொண்டே.

பார்க்கிற எங்களுக்கு ஆசை வருகிறது. கூடவே ஒரு கேள்வியும் வருகிறது. ஓடித் திரிகிற வண்டிக்குள்ளே லாச்சி இருக்கு. நூறு, நூற்றைம்பது வருஷமாக அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிற லயக் காம்பராவுக்குள் மட்டும் ஏன் லாச்சி இல்லை? அங்கே ஏன் எல்லாமே பெட்டியில் இருந்தது?

பெட்டிக்கும் லாச்சிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். லாச்சியை அப்படித் தூக்க முடியாது. அது வந்து உட்கார ஒரு கூடு வேண்டும். அந்தக் கூட்டை எதிலாவது ஆணியோ போல்ட்டோ அடித்துப் பொருத்த வேண்டும். அப்படிப் பொருத்த வேண்டுமானால் சுவரோ தரையோ வண்டியோ நம்முடையதாக இருக்க வேண்டும். ஜீப்புக்கு லாச்சி செய்கிற கதையை மலையகத்திலிருந்து சொன்னால் அது இங்கேதான் தொடங்கும்.

கப்பலில் வந்த சொற்கள்

தமிழ்நாட்டில் இதை டிராயர் என்பார்கள், புத்தகத் தமிழில் இழுப்பறை. இலங்கையில் நமக்கு அது லாச்சி. சிங்களத்தில் லாச்சுவ. இரண்டுமே ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். டச்சு மொழியில் 'லாட்யெ' என்றால் சின்ன இழுப்பறை.

வீட்டுச் சாமான்களின் பெயர்களைக் கொஞ்சம் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். அலுமாரி, மேசை, கதிரை, சாவி எல்லாம் போர்த்துக்கேயர் கொண்டு வந்தவை. லயத்தின் முன்பக்கத்தை இஸ்தோப்பு என்கிறோமே, அது டச்சு. காம்பராவும் கடல் தாண்டி வந்த சொல்தான். பாய், பெட்டி, பானை, பரண் இவைதான் நம்மிடம் முன்பே இருந்தவை.

அதாவது சொற்கள் எல்லாம் நம் வாயில் இருந்தன. அலுமாரி என்று சொல்லத் தெரியும், லாச்சி என்று சொல்லத் தெரியும். ஆனால் அந்தச் சாமான்கள் பல காலம் பங்களாவில்தான் இருந்தன. பூட்டி வைக்க ஏதாவது இருந்தால்தானே சாவிக்கு வேலை?

தொரையின் லாச்சி, தொழிலாளியின் மூட்டை

வண்டியில் ஏற்றிப் போகிற லாச்சி என்பது அவுஸ்திரேலியக்காரர் கண்டுபிடித்த புதுசு இல்லை. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் பிரித்தானிய இராணுவ அதிகாரிகள் ஊர் ஊராகப் போகும்போது கூடவே தளபாடமும் போனது. பார்த்தால் சாதாரண லாச்சி அலுமாரிதான். ஆனால் நடுவில் இரண்டாகக் கழன்று வரும். கால்களைத் திருகிக் கழற்றலாம். மூலைகள் அடிபடாமல் இருக்கப் பித்தளைத் தகடு. கைப்பிடிகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்காது, மரத்துக்குள்ளே பதிந்திருக்கும். அடுக்கும்போது எதிலும் சிக்காது. இன்றைக்கு ஜீப் லாச்சிகளுக்குப் போடுகிற கைப்பிடியும் பெரும்பாலும் இதே வகைதான்.

அப்படிப்பட்ட அலுமாரி ஒரு அதிகாரியுடனோ தொரையுடனோ மலை ஏறியபோது அவர் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கவில்லை. மாடு இழுத்தது, இல்லையென்றால் ஆட்கள் தோளில் சுமந்தார்கள்.

நம் ஆட்கள் வந்த வழி வேறு. கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலேயே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் ஏராளம். நடக்கிறவன் தலையில் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் சொத்து. 2023இல் மலையகம் 200ஐ நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களைக் கேட்டால், வெறும் கையோடு நடப்பதே எவ்வளவு கஷ்டம் என்று சொல்லுவாங்க.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரத் துண்டு முறை வந்தது. இலக்கம் பொறித்த ஒரு சின்னத் தகரம். எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று அந்த இலக்கத்தை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தார்கள். பெட்டியில் ஒட்டுகிற முகவரியை மனுசன் கழுத்தில் கட்டியிருக்கிறார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பலும் ரயிலும் இணைந்து ஓடத் தொடங்கிய பிறகு நடை குறைந்தது. மூட்டை மெல்ல மெல்ல றங்குப் பெட்டி ஆனது. கொஞ்சம் வசதி வந்த குடும்பத்துக்கு ஒரு றங்கு. அவ்வளவுதான்.

ஒரு வருஷ இடைவெளியில் இரண்டு சம்பவங்கள்

1866இல் அமெரிக்காவின் டெக்சாசில் சார்ல்ஸ் குட்நைட் என்ற மாட்டுப் பண்ணைக்காரர் ஆயிரக்கணக்கான மாடுகளைப் பல வாரம் ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மாடு மேய்க்கிறவர்களுக்கு வழியில் சோறு? இராணுவம் கழித்துவிட்ட வண்டி ஒன்றை வாங்கி அதன் பின்பக்கத்தில் ஒரு மரப்பெட்டியைப் பொருத்தினார். உள்ளே தட்டுகளும் லாச்சிகளும். மா, கோப்பி, உப்பு, மருந்து, கத்தி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம். பெட்டியின் கதவைக் கீழே இறக்கி ஒரு காலை முட்டுக் கொடுத்தால் அதுவே சமையல் மேசை. சக் வேகன் என்று அதற்குப் பெயர். ஜீப் லாச்சியின் நேரடிப் பாட்டன் இதுதான். யூடியூப்காரர் கதவை இறக்கி அடுப்பு வைக்கிறபோது 1866இல் குட்நைட் செய்ததைத்தான் செய்கிறார்.

அடுத்த வருஷம், 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்ததும் அதே 1867இல்தான். தண்டவாளம் மலை ஏறி 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் தொட்டது. பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆனது. தேயிலை கப்பல் ஏற வழி திறந்துவிட்டது. இனி அதற்கு ஒரு பெட்டி வேண்டும்.

குட்நைட் வேலையாட்களுடைய சாமானுக்குப் பெட்டி செய்தார். இங்கே யோசித்துச் செய்யப்பட்ட பெட்டி தேயிலைக்கு.

உலகத்தின் மிகக் கெட்டிக்காரப் பெட்டி

தேயிலை ஒரு செல்லப்பிள்ளை. ஈரம் ஆகாது, வாசனை ஆகாது, நசுங்கவும் கூடாது. ஆரம்பத்தில் உள்ளூர் மரத்திலும், ஜப்பானிலிருந்து வந்த 'மோமி' மரப்பலகையிலும் பெட்டி அடித்தார்கள். உள்ளே ஈயத் தகடு. கனமோ கனம்.

பிறகு பிளைவுட் வந்தது. மரத்தை மெல்லிய தோலாக உரித்து, ஒரு தோலின் நார் நெடுக்காகவும் அடுத்ததின் நார் குறுக்காகவும் வைத்து ஒட்டினால் அதுதான் பிளைவுட். இலேசு, ஆனால் எந்தப் பக்கமும் வெடிக்காது. எஸ்தோனியாவில் லூதர் தொழிற்சாலை செய்த இந்தப் பலகையை லண்டனில் ஒரு கம்பனி விற்றது. அதன் பெயர் வெனெஸ்டா. வெனீர், எஸ்தோனியா இரண்டையும் சேர்த்து வைத்த பெயர். பலகைகள் தட்டையாக வந்து இறங்கும். ஸ்டோரில் பெட்டியாக அடிப்பார்கள். ஓரங்களில் தகரப் பட்டி, உள்ளே ஈயத்துக்குப் பதிலாகப் பிற்காலத்தில் அலுமினியத் தாள். ஒரு பெட்டியில் சுமார் 100 இறாத்தல் தேயிலை. வெளியே தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், நிறை.

இந்தப் பலகை எவ்வளவு கெட்டி என்று பார்க்க தென்துருவத்துக்கே போகலாம். 1907இல் ஷாக்கில்டன் அண்டார்ட்டிக்கா பயணத்துக்குச் சாமான் கட்ட 2500 வெனெஸ்டா பெட்டிகளை எடுத்துப்போனார். சாமான் தீர்ந்ததும் பெட்டிகளை வீசவில்லை. பனிக்குள்ளே இருந்த குடிலில் அவற்றைத் தட்டாகவும் மேசையாகவும் அடித்தார்கள். அங்கேயே 1908இல் 'அரோரா ஆஸ்ட்ராலிஸ்' என்று ஒரு புத்தகம் அச்சடித்து, அதற்கு அட்டையாகப் போட்டதும் இதே பெட்டிப் பலகைதான். மிஞ்சியிருக்கும் சில பிரதிகளின் உள்அட்டையில் பட்டர் போன்ற சாமான் பெயர்கள் இன்றும் தெரிகின்றன.

ஷாக்கில்டன் செய்ததை உலகம் சாகசம் என்று எழுதி வைத்தது. நம்ம லயத்திலும் அதுதான் நடந்தது. அதை யாரும் எழுதவில்லை.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஸ்டோரில் உடைந்துபோன, கழித்துவிட்ட தேயிலைப் பெட்டி கையில் கிடைத்தால் அது ஒரு வரப்பிரசாதம். கவிழ்த்துப் போட்டால் மேசை. பக்கவாட்டில் வைத்தால் இரண்டு தட்டு அலுமாரி. பலகையாகக் கழற்றினால் சாமி படத்துக்கு ஒரு தட்டு, புள்ளைக்குப் படிக்க ஒரு சாய்வுப் பலகை, சுவர் ஓட்டைக்கு ஒரு மறைப்பு. அலுமினியத் தாளை அடுப்படிச் சுவரில் ஒட்டிய வீடும் உண்டு. பெட்டியைத் திறந்தால் பல வருஷத்துக்குப் பிறகும் தேயிலை வாசம் வரும் என்பார்கள்.

பலகைக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. இரண்டாம் உலகப் போரில் கப்பல்கள் தடைப்பட்டபோது வெளிநாட்டுப் பெட்டி வரவில்லை. அப்போதுதான் காலிக்குப் பக்கத்தில் கிந்தோட்டையில் பிளைவுட் தொழிற்சாலை எழுந்தது. அடுத்து கொஸ்கமவில் ஒன்று. அதற்கு மரம் வேண்டி 1970களின் தொடக்கத்தில் சிங்கராஜக் காட்டுக்குள் வெட்டத் தொடங்கினார்கள். பெரிய எதிர்ப்பு கிளம்பி 1977இல் வெட்டு நின்றது. 1988இல் அந்தக் காடு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. 80களிலும் 90களிலும் பல அடுக்குக் காகிதச் சாக்கு வந்து தேயிலைப் பெட்டியை ஓரங்கட்டிவிட்டது. லயத்துக்கு வந்துகொண்டிருந்த பலகையும் அதோடு நின்றது.

10க்கு 12

லயக் காம்பரா என்றால் பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. முன்னால் இஸ்தோப்பு. ஒற்றை லயம் என்றால் ஒரு வரிசை. இரட்டை லயம் என்றால் முதுகோடு முதுகு ஒட்டின இரண்டு வரிசை, பின்பக்கம் காற்றுக்கு வழியே இல்லை. ஒரு காம்பராவில் தாத்தா பாட்டி, மகன் மருமகள், பேரப்பிள்ளைகள்.

இவ்வளவு சின்ன இடத்தில் இத்தனை பேரின் உடுப்பு, பாத்திரம், விறகு, பிள்ளைகளின் புத்தகம், பிறப்புச் சான்றிதழ், சாமி படம் எல்லாம் எங்கே வைப்பது? கட்டுகிறபோது அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. சுவரில் ஒரு மாடக்குழி கிடைத்தால் அதிர்ஷ்டம். மற்றபடி பரண், கொடிக்கயிறு, கட்டிலுக்கு அடியில் றங்குப் பெட்டி. ஜீப்புக்குள் இடம் மிச்சம் பிடிக்கிற கலையை இன்று காசு கொடுத்துப் படிக்கிறார்கள். நம்ம பாட்டிமார் அதில் எப்போதோ கைதேர்ந்தவர்கள்.

சரி, அவர்களே ஏன் சுவரோடு ஒரு லாச்சி அலுமாரி அடிக்கவில்லை? மரம் இல்லை, காசு இல்லை என்பது பாதிப் பதில். மீதிப் பாதி, சுவர் அவர்களுடையது இல்லை. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். ஒரு அறையை இழுத்துக் கட்டவோ சுவரை உடைக்கவோ தொரையிடம் போய் நிற்க வேண்டும். வேலை போனால் காம்பராவும் போகும்.

அதுக்கு மேலே நாடே கையை விரித்தது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது, இலட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது, 9,75,000 பேரைக் கணக்குப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். பல குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறின. 1984இல் கப்பல் நின்றது. நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கிற சட்டம் 2003இல்தான் வந்தது. 1948இலிருந்து 2003 வரை 55 வருஷம். பெட்டியை அவிழ்ப்பதா, கட்டுவதா என்றே தெரியாத ஒரு வீட்டில் யார் லாச்சி அடிப்பார்?

ஜீப் மலை ஏறியது

1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைகளின் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்தார். பேராதனைப் பூங்காவில் இராணுவ முகாம். போர் முடிந்து படை போய்விட்டது. ஜீப் என்ற சொல் இங்கேயே தங்கிவிட்டது. எந்தக் கம்பனி செய்த ஃபோர் வீல் வண்டியாக இருந்தாலும் மலையகத்தில் அதற்கு இன்னமும் ஜீப் என்றுதான் பேர்.

1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லாண்ட்ரோவர் அறிமுகமானது. குடியுரிமைச் சட்டம் வந்த அதே வருஷம். போருக்குப் பிறகு இரும்புக்குத் தட்டுப்பாடு என்பதால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். விவசாயிக்காகச் செய்த வண்டி அது. முன்சீட்டுக்கு அடியில் கருவிகள் வைக்க ஒரு சின்னக் குழி. பின்பக்கம் வெறும் தொட்டி. என்ன வேண்டுமோ நீயே அமைத்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள். உலகம் முழுக்க லாண்ட்ரோவர்காரர்கள் தச்சர்கள் ஆனதற்கு அந்த வெறும் தொட்டியும் ஒரு காரணம்.

தோட்டத்தில் ஜீப் என்றால் தொர. சத்தம் கேட்டாலே மலையில் கொழுந்து எடுக்கிற கை வேகமாகும். மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தின் ஏற்றப் பாதையில் 1934இல் தொடங்கிய மோட்டார்ப் பந்தயம் நுவரெலியா வசந்த காலத்தின் பெரிய நிகழ்ச்சிகளில் ஒன்று. தோட்டத்து ரோட்டில் வண்டி என்பது ரொம்ப காலம் நமக்கு வேடிக்கை பார்க்கிற பொருளாகத்தான் இருந்தது.

கொழுந்து ஏற்றுகிற லொறியையும் கவனித்திருப்பீர்கள். கொழுந்துச் சாக்குகளை ஒன்றின் மேல் ஒன்றாக நசுக்கி அடுக்கினால் இலை சூடாகிக் கெட்டுவிடும், தேயிலையின் தரம் விழுந்துவிடும். அதனால் வண்டிக்குள் தட்டுகள் அடித்துச் சாக்குகளைப் பிரித்து வைக்க வேண்டும் என்பது தேயிலைத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். ஆனால் பிரசவ வலியில் துடிக்கிற பெண்ணைத் தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கதை இல்லாத தோட்டம் உண்டா? கொழுந்து நசுங்காமல் இருக்கத் தட்டு வந்தது. நோயாளி படுக்க அதே வண்டியில் பலகை கிடையாது.

நம் கையால் நம் வண்டிக்குள் பெட்டி கட்டின கதைக்கு வந்தால், அது ஜீப்பில் ஆரம்பிக்கவில்லை. மூன்று சில்லு ஓட்டோவில் ஆரம்பித்தது. சூன் பாண் ஓட்டோவைப் பாருங்க. பின்சீட்டு இருந்த இடத்தில் கண்ணாடி போட்ட தட்டு அலுமாரி. மாலு பாண் ஒரு தட்டில், கிம்புலா பனிஸ் ஒரு தட்டில், ரோஸ் பாண் கீழே. பேத்தோவனின் 'ஃபூர் எலீஸ்' மெட்டைப் போட்டுக்கொண்டு ரோட்டில் வரும். அந்தப் பெட்டியை எந்த ஓட்டோக் கம்பனியும் செய்யவில்லை. ஊர்த் தச்சரும் வெல்டிங் கடைக்காரரும் செய்தது.

சரி, செய்வது எப்படி?

இப்ப தோட்டத்துப் பசங்க பலர் வாகனம் ஓட்டிப் பிழைக்கிறார்கள். ஹோட்டன் சமவெளிக்குச் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப்போகிறவர்களும், பழைய ஜீப்பை வாங்கித் தட்டி நிமிர்த்துகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக, அவுஸ்திரேலிய வீடியோவில் வராத மலைக்கணக்கையும் சேர்த்து இது.

அளவு: பின்சில்லுகளுக்கு மேலே இரண்டு பக்கமும் மேடு நிற்கும். அந்த இரண்டு மேட்டுக்கும் இடையில் உள்ள அகலம்தான் கணக்கு. பழைய லாண்ட்ரோவரில் அது ஏறக்குறைய 3 அடி. கதவு வாசலின் அகலத்தையும் அளந்து, எது குறைவோ அதை எடுங்கள். உள்ளே பொருந்தி வாசலில் நுழையாத கூடு எதற்கும் உதவாது.

பலகை: 8க்கு 4 அடி, 12 மில்லிமீற்றர் பிளைவுட் ஒரு ஷீட்டே சுமார் 20 கிலோ. இரண்டு லாச்சியும் கூடும் செய்ய இரண்டு ஷீட்டுக்கு மேல் போகும். இரும்புச் சாமானையும் சேர்த்தால், ஒன்றும் வைக்காத வெறும் லாச்சியே தேயிலை நிரப்பிய ஒரு பெட்டி அளவு கனக்கும். அதனால் எல்லாப் பலகையும் தடிப்பாக வேண்டாம். கூட்டுக்குத் தடிப்பு, லாச்சியின் பக்கங்களுக்கு மெல்லிசு.

பொருத்துவது: திருகாணி மட்டும் போதாது, பசையும் வேண்டும். தோட்டத்து ரோட்டின் குலுக்கலில் தனித் திருகாணி மெல்ல மெல்லக் கழன்றுவிடும். மூலைகளில் உள்பக்கமாக ஒரு சின்ன மரச்சட்டம் வையுங்கள். தேயிலைப் பெட்டிக்காரர்கள் செய்த வேலை இது.

கூட்டை வண்டியோடு கட்டுவது: இதில் கஞ்சத்தனம் கூடாது. கட்டாத கூடு, சடாரென்று பிரேக் பிடித்தால் முன்சீட்டில் இருக்கிறவரின் முதுகில் வந்து விழும். வண்டியில் ஏற்கெனவே இருக்கிற சீட் போல்ட் ஓட்டைகளைப் பயன்படுத்துவது நல்லது. புதுசாகத் துளை போட வேண்டும் என்றால் முதலில் கீழே படுத்து எண்ணெய்த் தாங்கி, பிரேக் குழாய், வயர் எங்கே போகிறது என்று பாருங்கள். தகரத்துக்கு அடியில் அகலமான வொஷர் இல்லாமல் போல்ட் இறுக்க வேண்டாம்.

பூட்டு: தட்டையான நாட்டில் இது சின்ன விஷயம். இங்கே அப்படி இல்லை. கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும்போது வண்டியின் மூக்கு வானத்தைப் பார்க்கும், லாச்சி எல்லாம் பின்கதவைப் பார்த்து வழுக்கும். கதவைத் திறந்த உடனே 30 கிலோ லாச்சி உங்கள் வயிற்றில் இடிக்கலாம். உருளை வைத்த சனல் போடுகிறவர்கள் ஒவ்வொரு லாச்சிக்கும் இரண்டு கொக்கி போடுங்கள். சனல் வாங்கக் காசு இல்லையென்றால் மரத்தின் மேல் மரம் வைத்து மெழுகு தேய்த்தாலே போதும். கொஞ்சம் இறுக்கமாகப் போகும், ஏற்றத்தில் அதுவே நல்லது.

ஈரம்: பாலைவனக்காரருக்குத் தூசிதான் எதிரி. நமக்கு மழையும் மூடுபனியும். பிளைவுட் ஈரத்தைக் குடிப்பது வெட்டிய ஓரத்தில்தான். எல்லா ஓரத்துக்கும் இரண்டு மூன்று தடவை வார்னிஷ் அடியுங்கள். லாச்சிக்கும் கூட்டுக்கும் இடையே பக்கத்துக்கு 3 மில்லிமீற்றராவது விடுங்கள். இல்லையென்றால் வெயில் காலத்தில் செய்த லாச்சி ஜூன் மழையில் ஊதி இறுகிக்கொள்ளும்.

நிறை: கனமான சாமான் கீழே, பின்அச்சுக்குக் கிட்ட. இலேசானது மேலே. கூரையில் கனம் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் திரும்ப வேண்டாம்.

லாச்சி வேண்டும், பெட்டியும் வேண்டும்

2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி பேசியபோது, ஏற்கெனவே கட்டத் தொடங்கியிருந்த 4000 வீட்டோடு இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தார். 7 பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடித் தனி வீடு. தேவையோடு ஒப்பிட்டால் இது கொஞ்சம். வேலையும் மெதுவாகத்தான் நடக்கிறது. ஆனாலும் அந்த வீடு கிடைத்த குடும்பத்துக்கு ஒரு விஷயம் மாறிவிட்டது. சுவரில் ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. காணி உறுதி வேண்டும் என்று கேட்கும்போது நாங்கள் கேட்பது ஒரு கடதாசியை மட்டும் இல்லை. அலுமாரியைச் சுவரோடு அடிக்கிற தைரியத்தையும்தான்.

ஆனால் பெட்டிக்கு வேலை முடியவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் எத்தனையோ தோட்டங்களில் எழும்பி ஓடத் தயாராகத்தான் படுக்கிறார்கள். ஓடும்போது லாச்சியைத் தூக்க முடியாது. அதனால் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, காணிக் கடதாசி எல்லாவற்றையும் தண்ணீர் புகாத ஒரு சின்னப் பெட்டியில் கதவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பாதுகாப்பான இடத்தில் வீடு கிடைக்கும்வரை அந்தப் பெட்டி இருக்கத்தான் வேண்டும்.

கடைசியாக ஒரு யோசனை. ஜீப்புக்கு லாச்சி செய்து முடித்த பிறகு பிளைவுட்டில் கட்டாயம் துண்டுகள் மிஞ்சும். அவற்றை அடுப்பில் போடாதீர்கள். ஒரு அடி அகலத்தில் சின்ன லாச்சி ஒன்று செய்ய அது போதும். லயமோ தனி வீடோ, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிற இடத்தில் அதைப் பொருத்திக் கொடுங்கள். அந்தப் பிள்ளையின் சாமானைத் தவிர வேறு எதையும் அதில் வைக்கக் கூடாது என்று வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் வீட்டில் தேயிலைப் பெட்டிப் பலகை எங்கேயாவது மிஞ்சியிருக்கிறதா? தட்டாக, கதவாக, கோழிக்கூட்டின் ஒரு பக்கமாக? தோட்டத்துப் பெயரும் தரமும் எழுதிய பக்கம் இன்னும் அழியாமல் இருக்கலாம். திருப்பிப் பாருங்கள். அதை யார், எப்போது, எதற்கு அடித்தார்கள் என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.